வாலுவின் பங்கு

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டு முகவரிக்குப் போட்டால் உங்கள் தம்பி கையில்தான் முதலில் கிடைக்கும். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் லாரி எடை மேடைக்குப் போடுகிறேன். முதலாளி ஏதாவது கேட்டால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

போன வாரம் வாலுவின் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. இரண்டு பருவக் கட்டணம் பாக்கி, உடனே கட்டவும் என்று. உங்கள் தம்பியைக் கேட்டேன். "அதெல்லாம் கட்டியாச்சு, அவங்க கம்ப்யூட்டர்ல ஏறல" என்றார். மறுநாளும் கேட்டேன். "அங்க உக்காந்துக்கிட்டு என்னைத் திருடனாக்குறியா" என்று போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாலுவிடம் பேசக் கூப்பிட்டால் அவள் முகம் தெரிகிறது. பின்னாலேயே அவர் நிற்பதும் தெரிகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் எதைக் கேட்பது.

சம்பளம் வந்த அன்றைக்கே பணம் அனுப்பிவிடுகிறேன். அதையும் இரண்டு பங்காகத்தான் அனுப்புகிறேன். ஒன்று வீட்டுச் செலவுக்கு. இன்னொன்று வாலுவின் பங்கு. அவளை இங்கே கூட்டிக்கொள்ள விசாவுக்கு, டிக்கெட்டுக்கு, அவளை வைத்துக் காப்பாற்ற என்னிடம் வழி இருக்கிறது என்று காட்ட வேண்டிய இருப்புக்கு. அதைத் தொடாமல் வைத்திருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். "பத்திரமா இருக்கு" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

நான் கிளம்பிய அன்று நீங்கள் பேசியது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா? அதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 26

தம்பி பெண்டாட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. "வெளிநாட்டுத் தபாலெல்லாம் வருது, மாப்பிள்ளை கீப்பிள்ளை பாக்குறாங்களா" என்று முதலாளி கேட்டார். லாரியோடு வந்தால் எடை போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். கட்டணத்தை நான் கட்டிவிட்டேன். அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

நீ கிளம்பிய அன்று, பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவள் என்று சொன்னேன். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்கவில்லை. நீ போன பிறகு அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேதான் ஊட்டினேன். பார்த்தவள் நான், நீ இல்லை. இப்போது அவளை அங்கே கூட்டிக்கொள்ளப் பார்க்கிறாய். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. முதுகுக்குப் பின்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் என்னை இழுக்காதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு ஒன்று தெரியவில்லை போலிருக்கிறது. தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் ஆபீஸில் இருப்பது போல் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வந்திருக்கிறது. போன் இரண்டாகிவிட்டது. தெருவில் அவனுக்குக் காயின்காரர் என்று பெயர். சாயங்காலம் ஆனால் நாலைந்து பேர் வந்துவிடுகிறார்கள். போனில் ஒரு கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்தால் கும்மாளம். சிவப்பாக இருந்தால் எழவு வீடு. எனக்குப் பச்சையும் சிவப்பும் மேடை வாசல் விளக்கில்தான் தெரியும்.

நீ அனுப்புகிற பணம் அந்தக் கோட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீயே கேட்டுக்கொள்.

அவன் அக்கா


மார்ச் 12

அண்ணிக்கு,

வேலையை விட்டது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "கடையில் கூட்டம் எப்படி" என்று கேட்டிருக்கிறேன். "பரவால்ல" என்றிருக்கிறார். அந்தப் பரவாயில்லைகளை எல்லாம் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறீர்கள். நான் பேசத்தான் செய்வேன். என் பிள்ளைக்கு நான் கட்டியிருக்க வேண்டியது.

ஏன் இந்தக் காயின் வழியில் அனுப்பினாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில். பணம் அனுப்பும் கவுண்டர் நகரத்துக்குள் இருக்கிறது, எங்கள் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கும். போய் வர அரை நாள் ஓடிவிடும். அரை நாள் சம்பளத்தை சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வார். கவுண்டரில் ஒரு கழிவு, அங்கே பேங்கில் இன்னொரு கழிவு. நான் ஈரத் துணி தூக்கிச் சம்பாதித்ததில் எத்தனை பேருக்குச் சோறு போடுவது என்று ஆத்திரமாக வரும். மடிப்பு மெஷினில் எனக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற பெண்தான் இதைச் சொல்லிக் கொடுத்தாள். போனிலேயே டாலர் காயின் வாங்கலாம். ஒரு காயின் என்றால் ஒரு டாலர், ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அதை உங்கள் தம்பி போனுக்கு அனுப்பினால், அங்கே கடைவீதியில் இருக்கும் செல்போன் கடைக்காரர் காயினை வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். முதல் தடவை அனுப்பிவிட்டு போனை ஏப்ரனில் போடுவதற்குள் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற வீடு அடுத்த அறைக்கு வந்துவிட்டது போல் இருந்தது. விரிப்புக் கூடைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஒரு உதவி. வாலுவின் பங்கு இன்னும் டாலர் காயினாகவே இருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். டாலர் காயினாக இருந்தால் அவர் எத்தனை நாற்காலி வாங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

தம்பி மனைவி


மார்ச் 29

தம்பி பெண்டாட்டிக்கு,

கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. பெருமையாகப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினான். டாலர் காயினாக இல்லை. வேறொரு காயினாக மாற்றி இரண்டு மாதம் ஆகிறதாம். அது இப்போது இரண்டு மடங்கு.

"டாலர் காயின் சும்மா தூங்கும் அக்கா. தூங்குற பணம் எதுக்கு? இன்னும் கொஞ்சம் போகட்டும், டிக்கெட் என்ன, அவ அங்க ஒரு வீடே புடிக்கலாம்."

"இப்பவே மாத்து. என் முன்னாடி மாத்து" என்றேன்.

"உனக்கு எடை போடத்தான் தெரியும். இது வேற."

"எனக்கு எடை போடத் தெரியும். அதனாலதான் சொல்றேன். லாரியில என்ன இருக்குன்னு தெரியாம நான் சீட்டு குடுக்கறதில்ல. உன் காயினுக்குள்ள என்ன இருக்கு, சொல்லு."

போனைத் திருப்பி மறுபடியும் பார்த்தான். பிள்ளை பக்கத்தில் நின்றாள். "பச்சையா இருக்குப்பா" என்றாள். அவளுக்கும் பழக்கிவிட்டிருக்கிறான்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி அவனிடம் நீதான் பேச வேண்டும். சீக்கிரம் பேசு.

அவன் அக்கா


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

பேசினேன். நீங்கள் நினைத்த மாதிரி பேசவில்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அமைதியாக ஒரு படம் அனுப்பினார். வாலுவின் பங்கு எவ்வளவாக நிற்கிறது என்று. அந்த எண்ணில் எத்தனை சைபர் என்று விரல் வைத்து எண்ணினேன். அண்ணி, அது நான் இன்னும் இரண்டு வருடம் விரிப்பு மடித்தால் சேர்கிற பணம். நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு இருக்கிறோம். அன்று என் கட்டிலில் படுத்துக்கொண்டு தனி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். வாலுவுக்கு மேஜை வாங்கினேன். எல்லாம் மனசுக்குள்தான்.

"மாசக் கடைசியில மாத்திடறேன், சத்தியமா" என்றார். "சரி, மாசக் கடைசி" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

இதை உங்களிடம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறீர்கள், நான் பூசி மெழுகினால் நன்றாக இருக்காது. மாசக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நீங்கள் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி


மே 4

உனக்கு,

போய்விட்டது.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. ஏப்ரல் மூன்றாவது வாரம் அந்தக் காயின் விழ ஆரம்பித்தது. விழுந்தது எழும் என்றான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. நாலைந்து நாளில் பேருக்குக்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது. அதை நடத்திக்கொண்டிருந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். இவன் பேச்சைக் கேட்டுப் பணம் போட்ட சாயங்காலக் கூட்டம் வாசலில் வந்து நின்றது. தினமும் இங்கே டீ குடித்த ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தாள். "அத்தை, சிவப்பாயிடுச்சா" என்று கேட்டாள்.

கூட்டம் போன பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ அவளுக்கு லெட்டர் போடறது எனக்குத் தெரியும். யாரோ திருடிட்டாங்கன்னு எழுது. போனை ஹேக் பண்ணி எடுத்துட்டாங்கன்னு எழுது. தெனம் நடக்குறதுதான், நம்பிடுவா."

"எழுத மாட்டேன்."

"உண்மை தெரிஞ்சா என்னை விட்டுடுவாக்கா."

எழுந்து டீ கிளாஸ்களைப் பொறுக்கினேன். பின்னாலேயே வந்தான்.

"பணம் இல்லைன்னா பாப்பாவும் போக மாட்டா. நம்மகூடவே இருப்பா. உனக்கும் அதுதானே வேணும்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கை நீண்டுவிட்டது. வளர்ந்த ஆம்பிளையை, ஒரு பிள்ளைக்கு அப்பனை, கன்னத்தில் அறைந்தேன். அவன் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிவிட்டான். ஏதோ லாரியில் கிளீனராகச் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. போன் அணைந்திருக்கிறது.

திருட்டு இல்லை. ஹேக் இல்லை. உன் புருஷன் ஆசைப்பட்டான், தோற்றான். நடந்தது இதுதான். மாசக் கடைசி வரை வை என்று நீ சொன்னதையும் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ வேண்டாம் என்றிருந்தாலும் அவன் மாற்றியிருக்க மாட்டான்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் சளி.

அவன் அக்கா


மே 21

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். மணி அடித்தது, போய் மெஷினில் நின்றேன். எதிரே நிற்கிற பெண் விரிப்பை நீட்டியிருக்கிறாள், நான் பிடிக்கவில்லை. ஈரத்தோடு தரையில் விழுந்தது. "யாராவது போயிட்டாங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான் அழுகிறேனா, கோபப்படுகிறேனா என்று நீங்கள் யோசித்தால், இரண்டும் இல்லை. அந்தத் தனி அறையின் ஜன்னல் திரைதான் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. வாங்காத திரைக்கு யாராவது துக்கம் கொண்டாடுவார்களா.

அவரைப் பற்றி எனக்கு இப்போது எழுத வராது.

இதை இரண்டு நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். இனிமேல் வாலுவின் பங்கை உங்களிடம் அனுப்பட்டுமா? இங்கே கையில் வைத்தால் அறையில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்கு வீட்டில் சாவு என்று கரைந்துவிடுகிறது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காகிதங்களுக்கு அங்கே அவ்வப்போது கட்டவும் வேண்டும். நீங்கள் ஒரு போன் வாங்க வேண்டியிருக்கும், செல்போன் கடைக்காரர் எல்லாவற்றையும் போட்டுக் கொடுப்பார்.

அவள் இங்கே வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். அதை என் முகத்துக்கு நேரே சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். பிடித்திருக்கிறது என்று சொன்னவரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சளிக்கு என்ன கொடுத்தீர்கள்?

தம்பி மனைவி


ஜூன் 11

உனக்கு,

நீ கேட்டிருப்பது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வாரம் உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மேடையில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய் போன் வாங்கினேன். பழைய போன்தான், மூலையில் கண்ணாடி விரிசல்.

செல்போன் கடைக்காரர் வாலட் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். போனுக்குள் இருக்கிற பை. வாலுவுக்கும் வாலட்டுக்கும் பேரில் கொஞ்சம்தான் வித்தியாசம், இரண்டையும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு வார்த்தை கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை, குடித்தவன் உளறின மாதிரி இருக்கிறது. "இது தொலைஞ்சா பணம் போச்சுக்கா. வேற ஆளுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. நானே குறிச்சு வெச்சுக்கறேன், என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார்.

"உங்க வீட்டுச் சாவியைக் குடுங்க, அதையும் நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்றேன்.

சிரித்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றார். நானே எழுதிக்கொண்டேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்கும் சொல்லப் போவதில்லை, தபாலில் போகிற விஷயமில்லை அது. எனக்கு ஏதாவது ஆகிற மாதிரி இருந்தால் சொல்கிறேன்.

காயின் வந்து சேருகிற முகவரி என்று என் வாலட்டுக்கு நீளமாக ஓர் எழுத்து வரிசை இருக்கிறது, அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பக் கடைக்காரரிடம் சொன்னேன். முதலில் ஒரே ஒரு காயின் அனுப்பு. நாங்கள் வெறும் லாரியை எடை போட்டுவிட்டுத்தான் சரக்கு லாரியை ஏற்றுவோம். ஒன்று வந்து சேர்ந்து, அதைக் கடைக்காரர் ரொக்கமாக்கி என் கையில் வைத்த பிறகு மிச்சத்தை அனுப்பு. டாலர் காயின் டாலர் காயினாகவே இருக்கும். பச்சையோ சிவப்போ நான் பார்க்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இனி இந்தப் போனில் கூப்பிடு. பிள்ளையோடு பேசு. நான் பின்னால் நிற்க மாட்டேன். ஆனால் நம் விஷயத்தை எழுதிக்கொள்வோம். பேசினால் எனக்கு நாக்கு நீளம்.

போக வேண்டாம் என்கிற என் எண்ணம் மாறவில்லை. அது வேறு, இது வேறு.

சளிக்கு மிளகு. பிள்ளை துப்பிவிட்டாள்.

அண்ணி


செப்டம்பர் 18

அண்ணிக்கு,

போன மாதம் அனுப்பியது வந்ததாகச் சொன்னீர்கள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று என்பதும் தெரிந்தது. நன்றி என்று எழுதினால் திட்டுவீர்கள்.

வேறொரு விஷயம். செவ்வாய்க்கிழமை என் வாலட்டைத் திறந்தபோது ஏழு காயின் கூடுதலாக இருந்தது. முதலில் கணக்குத் தப்பு என்று நினைத்தேன். பிறகு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அனுப்பிய முகவரி அவருடையது. இரண்டரை வருடம் நான் மாதாமாதம் ஒட்டி அனுப்பிய அதே எழுத்துகள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பவில்லை. போனும் இல்லை, மெசேஜும் இல்லை. ஏழு காயின் மட்டும்.

நான் இங்கே வந்த நாளிலிருந்து பணம் இங்கிருந்து அங்கேதான் போயிருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்தது இதுதான் முதல் தடவை.

கோபம்தான் முதலில் வந்தது. ஏழு காயினில் எதை அடைக்கப் பார்க்கிறார் என்று. திருப்பி அனுப்ப விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். லாரியில் கிளீனருக்கு என்ன கிடைக்கும்? அதை எங்கே போய், யாரிடம் கொடுத்துக் காயினாக மாற்றியிருப்பார்?

என்ன செய்யட்டும், அண்ணி? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 7

உனக்கு,

என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் கம்பி ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறியது. கிளீனர் இறங்கி எடைச் சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்தான். சீட்டை நீட்டிய பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தம்பி. கறுத்து, இளைத்து, கழுத்தில் ஒரு துண்டு. அவனும் ஜன்னலுக்குள் நான் இருப்பேன் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறான். வேறு பாதையில் போகிற லாரியை விட்டு இந்த லாரிக்கு மாறிக்கொண்டானாம்.

"பாப்பா?"

"பள்ளிக்கூடத்துல."

"நான் காயின் அனுப்பறதைப் பத்தி எனக்காக அவகிட்ட நீ ஒண்ணும் பேசாத."

"எவகிட்ட?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தது. பேச நேரமில்லை. பிள்ளையின் விசாவுக்கு அப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும், அதற்கு அவனைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் கையெழுத்துப் போட மாட்டான் என்றுதான் நினைத்தேன். போடாமல் இருக்கட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். "என்னைக்கு வரணும்" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். அதிகாரி "முழு மனசோட சம்மதமா" என்று சடங்குக்குக் கேட்டார். இவன் கதவருகே என்னோடு நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "அவங்க அம்மாகிட்ட போறா, சம்மதம்தான்" என்றான். கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் பிள்ளை என் பக்கத்திலேயே நின்றாள். ஓடிப் போகவில்லை. அவன்தான் கிட்டே வந்தான். "லாரியில ஹாரன் அடிப்பியா அப்பா" என்று கேட்டாள். "டிரைவர்தான் அடிப்பார்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

நீ அவனைச் சேர்த்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். அவன் என் தம்பி, என் எடை சரியாக இருக்காது.

அண்ணி


ஜனவரி 16

உனக்கு,

இந்தக் கடிதத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புகிறேன். உன் மடிப்பு மெஷின் தோழி விடுமுறைக்கு வந்து திரும்புகிறவள், நல்லவேளையாக அமைந்தாள். விமானத்தில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீ இதைப் படிக்கும்போது பிள்ளை உன் எதிரில் இருப்பாள்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். போன மாதம் காகிதத்தில் ஒரு முத்திரை குறைகிறது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலை இன்னும் ஆறு மாதம் இழுக்கும், ஒரு வருடம்கூட இழுக்கும், என் மேல் தப்பில்லை, முத்திரை இல்லை, நான் என்ன செய்வேன் என்று. வழி நெடுக அதே நினைப்பு. வீட்டுக்கு வந்தால், பிள்ளை பெட்டிக்குள் தன் துணியை எல்லாம் அடுக்கிவிட்டு, அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் முத்திரை வாங்கினேன்.

அவள் தூங்கும்போது போர்வையை உதறுவாள், மூடிக்கொண்டே இருக்க வேண்டும். தலை பின்னினால் அழுவாள், அழட்டும், இரண்டு நிமிடம்தான். கணக்கு வரும், கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். பொய் சொன்னால் இடது காதைத் தொடுவாள். அது அப்பனிடமிருந்து வந்தது, அவனிடம் நான் கவனிக்காமல் விட்டேன்.

பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அதனால்தான் வாலு. ஆனால் புது இடத்தில் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கலாம். நீ பயப்படாதே. நெருக்காதே. கதவுக்குப் பின்னால் போய் நின்றால் நீயும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்.

வாலட்டில் மிச்சம் இருப்பதை உனக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கென்று எதுவும் அனுப்பாதே. எனக்குச் சம்பளம் வருகிறது.

விமான நிலையத்தில் அவள் திரும்பிப் பார்த்தாளா என்று பிறகு உனக்கு எழுத முடியாது, ஏனென்றால் நான் கண்ணாடிக் கதவு வரை போகப் போவதில்லை. வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத நல்லதாக எதுவும் இல்லை.

வாலு வந்தபோது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், போனில் பார்த்த முகம்தானா என்று பார்க்கிற மாதிரி. கட்டிக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி நின்றாள். "வணக்கம் சொல்லு" என்று தோழி சொன்னாள், இவளும் சொன்னாள். பெற்ற தாய்க்கு வணக்கம்.

தனி அறை இல்லை, ஒரு குடும்பத்தோடு பாதி வீடு எடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஒரு ஜன்னல். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். தலை பின்னினால் அழவே இல்லை. உங்கள் கடிதத்தில் அழுவாள் என்று இருந்ததால் அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதைக் கேட்டாலும் "சரிங்க", "வேண்டாங்க". ஒரு நாள் "நீங்க எப்ப வேலைக்குப் போவீங்க" என்று கேட்டாள். நீங்க. உங்களை எப்போதும் நீ, வா, போ என்றுதான் சொல்வாள், நான் போனில் கேட்டிருக்கிறேன். எனக்கு நீங்க. பக்கத்து வீட்டு அம்மா, "எவ்ளோ மரியாதையான பொண்ணு" என்று மெச்சினார்கள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

நான் நெருக்கவில்லை. நீங்கள் சொன்னபடி இருந்தேன்.

உங்கள் தம்பியிடமிருந்து மாதாமாதம் வருகிறது. சில மாதம் பத்து, சில மாதம் ஐந்து. நான் தொடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. போன மாதம் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள் என்று போனில் ஒரு வரி அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. ஆனால் படித்துவிட்டதாகப் போன் காட்டியது. இப்போதைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான். அது வளருமா, அப்படியே நிற்குமா என்று எனக்கே தெரியவில்லை. அவசரம் இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலையில் ஒருத்தி வரவில்லை, அவள் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று என்னை இருக்க வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். இவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வீடு வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். கதவைத் திறந்ததும் பையைத் தரையில் வீசினாள்.

"எங்க போன நீ? நீ வர மாட்டேன்னு நெனச்சேன். நீ போனா வரவே மாட்ட. போ. நீ போ இங்கேருந்து."

கத்தினாள், அண்ணி. முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, காலால் கதவை உதைத்துக்கொண்டு. பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ, நீ என்று எத்தனை தடவை சொன்னாள். "பஸ்ஸு கெடைக்கல" என்று ஆரம்பித்தேன். "பொய் சொல்ற" என்றாள். அது பொய்தான், மன்னிப்புக் கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். வேலை உடுப்புகூட மாற்றவில்லை. உள்ளே அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்துக்கும் முந்தைய அழுகை அது, இப்போதுதான் எனக்கு வந்து சேர்கிறது. பாதி உங்களுக்கு வந்துவிட்டது, மீதிதான் எனக்கு.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. "பசிக்குது" என்றாள். சாப்பிட்டுவிட்டு, "அத்தைக்கு லெட்டர் போடணும், பேப்பர் குடு" என்றாள். குடு என்றாள். கொடுத்தேன். என்ன எழுதுகிறாள் என்று பார்க்கப் போனேன், கையால் மறைத்துக்கொண்டாள். முழுப் பக்கம் எழுதினாள், மடித்தாள், பசை தடவி அவளே ஒட்டினாள். இதோடு வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை. என்னைப் பற்றித் திட்டி எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும், எனக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் தங்கச்சி